"நல்லாத்தானே வாசிக்கிறா டீச்சர்?"



போன ஞாயிற்றுக்கிழமை நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 1996-இல் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தமிழ்ப் புத்தகம் வாசிப்பதைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். ஒரு பக்கம் முழுவதும் மூச்சு விடாமல் வாசித்தாள். தடுமாற்றமே இல்லை. ழகரம், ளகரம் எல்லாம் சுத்தம். கீழே 40 பேர் கை தட்டியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. அன்று ராத்திரியே போன் பண்ணிவிட்டான்.

"என்ன டீச்சர், பிள்ள வாசிச்சதப் பாத்தீங்களா? ஒண்ணுமே சொல்லலையே?"

பார்த்தேன் ஐயா, மூன்று தடவை பார்த்தேன். "அவ வாசிச்ச கதையில என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேட்டியா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேக்கலையே டீச்சர். நல்லாத்தானே வாசிக்கிறா?" என்றான்.

குரல் இறங்கிவிட்டது. ஆசையாகப் போட்டவன் மனசைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அந்த "நல்லாத்தானே வாசிக்கிறா" என்ற வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. காரணம், அது என்னிடம் அவன் கற்றுக்கொண்ட வார்த்தை. 27 வருஷம் நான் சொன்ன வார்த்தை. அதனால் இதை அவனுக்கு மட்டும் சொல்லாமல் எல்லாருக்குமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத டீச்சர் என்று உங்களுக்குத் தெரியாததா?

நான் 1980-இல் வேலைக்குச் சேர்ந்தேன். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த புதிது. துதிக்கை தூக்கின பழைய 'லை', 'னை' எல்லாம் போய் இப்போதிருக்கிற எழுத்து வந்திருந்தது. கரும்பலகையில் பழக்கதோஷத்தில் பழைய 'லை' போட்டுவிட்டு அழிப்போம். அந்தக் காலத்தில் எங்கள் கவலை முழுவதும் எழுத்துதான். 247 எழுத்தும் வந்துவிட்டதா, கூட்டி வாசிக்கிறானா, தட்டாமல் வாசிக்கிறானா. இந்த மூன்றும் வந்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். தப்பு சொல்லவில்லை. பாதிப் பிள்ளைகள் காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிற கரிசல் காட்டு ஊரில், ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிவிட்டாலே பெரிய காரியம். அன்றைக்கு அதுவே எனக்கு நிறைவாக இருந்தது.

இப்போது சொல்லப்போகிற விஷயத்தைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க டீச்சர்" என்றான்.

1991 வாக்கில் நாலாம் வகுப்பில் ஒரு பையன். வாசிப்பென்றால் அவன்தான். சுதந்திர தினத்துக்கு வாசிப்புப் போட்டி வைத்தால் முதல் பரிசு அவனுக்குத்தான் போகும். ஒரு வருஷம் நானே கைக்காசு போட்டு ஒரு பென்சில் டப்பா வாங்கிக் கொடுத்தேன். வெளியிலிருந்து யார் வந்தாலும் "எந்திரி, வாசி" என்று அவனைத்தான் எழுப்புவேன். கணீரென்று வாசிப்பான். வந்தவர்கள் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் வாசித்ததில் என்ன இருக்கிறது என்று அவர்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

2007-இல் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சிவகாசியில் அச்சாபீஸில் வேலை, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. கூட்டாளி ஒருவன் லோடு ஆட்டோ வாங்க ஓரிடத்தில் கடன் எடுத்திருக்கிறான். இவன் கூடப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கூட்டாளி ஆறு தவணை கட்டிவிட்டு ஊரை விட்டே போய்விட்டான். இப்போது ஆள் வந்து இவன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள்.

"ஏலே, என்ன ஏதுன்னு பாக்காமயா போட்ட?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல டீச்சர். படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்று பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தான். என் முன்னால் வாசித்தான். அதே கணீர்க் குரல். கடன்தாரர் தவணையைச் செலுத்தத் தவறும் பட்சத்தில், நிலுவை முழுவதையும் வட்டியுடன் செலுத்தப் பிணையாளர் கடமைப்பட்டவர் என்கிற மாதிரி ஒரு வாக்கியம். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"சரி, பிணையாளர்னா யாரு?"

"அந்த ஆபீஸ்ல ஒருத்தரு இருப்பாரு போலன்னு நெனச்சேன் டீச்சர்."

"தவறும் பட்சத்தில்னா?"

"தப்புப் பண்ணினா... அவன் தப்பெல்லாம் பண்ணுற ஆளு இல்லன்னுதான் டீச்சர் போட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். அந்த அடுப்படியில் நின்ற அஞ்சு நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை. அவன் பெண்டாட்டியின் 4 பவுன் சங்கிலியும், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணமும் அதில் போயின. அந்த இடத்தில் எழுதி வைத்திருந்தவர்கள் சரியாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். அவனும் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டான். நடுவில் விட்டது யார்? நாலாம் வகுப்பில் பென்சில் டப்பா கொடுத்த ஆள்தான்.

"எழுத்துத் தெரிந்தால் அர்த்தம் தானாக வந்துவிடும் டீச்சர், இதற்குத் தனியாக என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் கேட்பார். ஒரு சோதனை வைக்கிறேன். கீழே உள்ளதை வாசியுங்கள்:

"கெழுவன் தன் சிலுப்பையை மொங்கரத்தில் நெடுவினான். அதைக் கண்ட தவிளிகள் எல்லாம் கும்பரித்தன."

வாசித்துவிட்டீர்களா? இப்போது கேள்விகள். கெழுவன் எதை நெடுவினான்? எங்கே நெடுவினான்? தவிளிகள் என்ன செய்தன? தவிளிகள் ஏன் கும்பரித்தன?

நாலுக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள். கடைசிக் கேள்வி 'ஏன்' என்கிற பெரிய கேள்வி. அதற்கும் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த வார்த்தைகள் எல்லாம் நான் இப்போது உட்கார்ந்து இட்டுக்கட்டியவை. சிலுப்பையும் கிடையாது, தவிளியும் கிடையாது.

நம் வகுப்பறையில் பாடம் முடிந்து 'வினாக்களுக்கு விடையளி' என்று வரும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். கேள்வியில் உள்ள வார்த்தை பாடத்தில் எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டிப் பிடிப்பார்கள், அந்த வரியைப் பெயர்த்து எழுதுவார்கள். நானே பென்சிலால் கோடு போட்டு "இதிலிருந்து இது வரைக்கும்" என்று குறித்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பழைய புத்தகம் யாரிடமாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், அந்தக் கோடு இருக்கும். இப்போது அந்த வேலையை நோட்ஸ் புத்தகம் செய்கிறது, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் சில ஆய்வுகளைத் தேடிக் கொடுத்துப் படித்தேன். கஃப், டன்மர் என்று இரண்டு பேர் 1986-இல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாசித்துப் புரிவது என்பது இரண்டு விஷயங்களின் பெருக்கல்: எழுத்தைப் பிடித்துச் சொல்லாக்குவது ஒன்று, அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. கூட்டல் அல்ல, பெருக்கல். அதில் ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். இதை வாசித்தபோது அந்தக் காகிதம்தான் ஞாபகம் வந்தது. முதல் எண் அவனுக்குப் பத்துக்குப் பத்து. இரண்டாவது எண்ணை நான் பார்க்கவே இல்லை.

இதை வைத்துக்கொண்டு எழுத்தே வேண்டாம், புரிந்தால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படிப் பேசுகிற படித்த பெற்றோர்களையும் பார்க்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் போய்ப் புரிதல், சிந்தனை என்று பேசுவது வெறும் பேச்சு. பெருக்கலில் அந்த எண்ணும் பூஜ்யமாகக் கூடாதல்லவா.

நம் தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. பிள்ளை வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத் தமிழ் வேறு. "வந்துக்கிட்டு இருக்கான்" என்று பேசுகிற பிள்ளை "வந்துகொண்டிருக்கிறான்" என்று வாசிக்கிறது. இதையாவது தாண்டிவிடும். "எனினும்", "ஆகையால்", "ஏனெனில்", "இருப்பினும்" என்று வருகிறதே, அங்கேதான் பிள்ளை விழுகிறது. எந்த வீட்டில் "மழை பெய்தது, எனினும் நான் கடைக்குச் சென்றேன்" என்று பேசுகிறார்கள்? ஒரு தடவை ஐந்தாம் வகுப்பில் "எனினும்" என்றால் என்ன என்று கேட்டேன். ஒருத்தி யோசித்துப் பார்த்து, "அது ஒரு ஆளு பேரு டீச்சர்" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் தெரியாது. பெரிய பெரிய வார்த்தைக்கெல்லாம் பாடத்தின் முடிவில் 'பொருள் அறிவோம்' என்று அர்த்தம் போட்டிருக்கும். இந்தச் சின்ன வார்த்தைக்குப் போட்டிருக்காது. ஆனால் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்வது இதுதான். "தவறும் பட்சத்தில்" என்பதும் இந்த ஜாதி வார்த்தைதான்.

அடுத்தது, தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம். "ராமு முருகனைப் பார்க்கப் போனான். வீட்டில் இல்லை. கோபத்தோடு திரும்பினான்." யார் வீட்டில் இல்லை? யாருக்குக் கோபம்? நமக்கு யோசிக்காமலே தெரிகிறது. எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கடைசி வருஷங்களில் நான் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி "யாரு?" என்று கேட்பேன். அந்த வருஷத்துப் பிள்ளைகள் எனக்கு 'யாரு டீச்சர்' என்றே பேர் வைத்திருந்தது எனக்குத் தெரியும்!

காகிதச் சம்பவத்துக்குப் பிறகு நான் பாடம் நடத்துகிற விதம் மாறியது. அந்த வருஷம்தான் செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுக்க வந்தது. பாய் விரித்து, அட்டை எடுத்து, ஏணிப்படி பார்த்து அவரவர் வேகத்தில் படிப்பது. அதை ஆதரித்தும் எதிர்த்தும் நிறையப் பேசியாகிவிட்டது, நான் அதற்குள் போகவில்லை. எனக்கு அதில் கிடைத்த லாபம் ஒன்று. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்தபோது கேட்காதது எல்லாம் காதில் விழுந்தது.

அப்போது கண்டுபிடித்ததுதான் புளியங்கொட்டை. 2008-க்குப் பிறகு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய புளியங்கொட்டை வைத்திருந்தேன். வாசிக்கும்போது "எனக்கு இது புரியல டீச்சர்" என்று சொல்கிற பிள்ளைக்கு ஒரு கொட்டை. சரியான விடைக்குக் கிடையாது, புரியாததைக் கண்டுபிடித்ததற்குத்தான். வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்து அதிகம் வைத்திருக்கிறவர்தான் அடுத்த வாரம் கதைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற லீடர்.

முதல் வாரம் ஒருத்தர் வாயையும் திறக்கவில்லை. புரியவில்லை என்று சொன்னால் அடி விழும் என்பதுதானே அவர்களுக்குத் தெரிந்த பள்ளிக்கூடம்! இரண்டாம் வாரம் ஒருத்தன் கொட்டைக்காகவே "மரம்னா புரியல டீச்சர்" என்று ஆரம்பித்தான். சரி என்று அவனுக்கும் கொடுத்தேன். மூன்றாம் வாரம் நிஜமாகவே கேட்க ஆரம்பித்தார்கள். "ஒரு வார்த்தை புரியலன்னாதான் கொட்டையா டீச்சர்? வார்த்தை எல்லாம் புரியுது, மொத்தமா புரியல, அதுக்கு உண்டா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தேன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அது இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தி, "இது புரியல சார்" என்று கையை நீட்டியது. எனக்கு வேர்த்துவிட்டது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, தானே பாட்டிலில் இருந்து ஒரு கொட்டை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

ஆனால் கொட்டையால் தீராத ஒன்று உண்டு. கலங்கரை விளக்கம் பற்றி ஒரு பகுதி நடத்தினேன். வாசித்து முடித்து, படம் வரையச் சொன்னால் பாதிப் பேர் மணலில் ஒரு அரிக்கேன் விளக்கை வைத்து வரைந்திருந்தார்கள். கரிசல் பிள்ளைகள், கடலையே பார்த்ததில்லை. அதே வகுப்பில் பருத்தி பற்றி ஒரு பகுதி கொடுத்தேன். எழுத்தே தகராறு என்று நான் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பையன்கள் எழுந்து, "இதுல ஒண்ணு விட்டுப்போச்சு டீச்சர், காய்ப்புழு விழுந்தா என்ன செய்யணும்னு சொல்லவே இல்ல" என்றார்கள். புத்தகத்தில் இல்லாதது இல்லை என்று தெரியவேண்டும் என்றால், இருப்பது எவ்வளவு புரிந்திருக்க வேண்டும்! அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். வாசிப்பில் மட்டமானவர்கள், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள். அவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிப் போவதும், பம்பு செட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நிற்க விடுவதும் தமிழ்ப் பாடம்தான்.

இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். அவள் பேரைப் போடலாம் என்றால் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. 1980களின் கடைசி. எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாள். மந்தம் என்று எழுதிவைத்திருந்தேன். காக்கா வடை கதை நடத்தும்போது எழுந்து, "நரி பாடச் சொல்லும்போதே அதுக்கு வடை விழும்னு தெரியும்ல டீச்சர்? அப்ப காக்காவோட வாய்லயே கண்ணு வச்சுத்தான் பேசியிருக்கு. காக்காகூட, பாட்டியம்மாகிட்ட திருடுனதுதான? அப்ப யாருக்காகப் பாவப்படுறது?" என்று கேட்டாள். கதையில் எழுதாத மூன்று விஷயங்களை அவள் பிடித்திருக்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு, உக்காரு." அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். பென்சில் டப்பா யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

இப்போது தங்கை மகள் டீச்சராக இருக்கிறாள். 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரித்து நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு. பாட்டு, கதை, பொம்மை என்று எங்கள் காலத்தில் கனவு கண்டதெல்லாம் இருக்கிறது. அவளிடம் நான் கேட்பது ஒன்றுதான். "மலருக்குப் போன பிள்ளை, வாசித்ததைத் தன் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லுதா?" நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று எண்ணுவது சுலபம், அதனால் எண்ணுகிறோம். 2005-இலிருந்து பிரதம் நிறுவனம் நடத்துகிற அசர் கணக்கெடுப்பிலும் அடிப்படைச் சோதனை உரக்க வாசிக்கச் சொல்வதுதான். ஊர் ஊராக லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்க அதுதான் முடியும், குறை சொல்லவில்லை. வீட்டில் உங்களுக்கு இருப்பது ஒன்றோ இரண்டோ பிள்ளை. உங்களால் கேட்க முடியும்.

ஆக, வீடியோ போட்ட என் செல்லமே, உன் மேல் குறையில்லை. பிள்ளை நிஜமாகவே அழகாக வாசிக்கிறாள், முதல் எண் அவளுக்கு முழுசாக இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி போனை எடுக்காமல் பக்கத்தில் உட்கார். அதே பக்கத்தை வாசிக்கச் சொல்லு. முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "அப்பா மறந்துட்டேன், என்ன கதை அது?" என்று கேள். புத்தக வார்த்தையிலேயே ஒப்பித்தால் "நம்ம ஆச்சிகிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்று சொல். அவள் தப்பாகச் சொன்னால் திருத்தாதே, "அப்படியா, எங்க போட்டிருக்கு?" என்று கேட்டுப் புத்தகத்தைத் திற. பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைக்குச் சலித்துவிடும். உனக்கும்தான், நீ எப்படி என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பென்சில் டப்பாக்காரன் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பினான். மகள் கல்லூரிக் கடனுக்கு விண்ணப்பம். கையெழுத்துப் போடவில்லை. நாலு வார்த்தைக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு, "நாலு கொட்டை டீச்சர்" என்று எழுதியிருந்தான். அவன் படித்த காலத்தில் கொட்டை கிடையாது, யாரோ இளையவர்கள் சொல்லியிருக்க வேண்டும். மூன்றுக்கு எனக்குத் தெரிந்தது, எழுதி அனுப்பிவிட்டேன். நாலாவது 'ஈட்டுறுதி ஆவணம்'. அகராதியைப் பார்த்தேன், நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன் என்கிற உறுதி என்று தெரிகிறது. ஆனால் அதில் கையெழுத்துப் போட்டால் அவன் எதற்கெல்லாம் பொறுப்பாவான் என்பது எனக்குப் புரியவில்லை. வங்கியில் வேலை பார்க்கிறவர்கள் நம்மில் மூன்று நாலு பேர் இருக்கிறீர்கள். யாராவது அவனுக்குப் புரிகிற தமிழில் கீழே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும், அவன் அதுவரைக்கும் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிறான்.